பொன்னியின் முன்னங்கால்: 17 வாரக் கட்டு

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வாரந்தோறும் செய்வதைப் போலவே, கண்ணாடித் தாள் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு எங்கள் மட்டக்குதிரை பொன்னியின் இடது முன்னங்காலருகே குத்துக்காலிட்டு அமர்ந்தேன். தாளைக் காலின் மேல் வைத்துப் புண்ணின் விளிம்பை மார்க்கர் பேனாவால் வரைந்துகொண்டு, வீட்டுக்கு வந்ததும் அதைக் கட்டத்தாளின் மேல் வைத்துச் சதுரங்களை எண்ண வேண்டும் என்பது என் மகள் செய்த ஏற்பாடு. அன்று வரைவதற்கு விளிம்பு இல்லை. ரோமம் முளைக்காத, இளஞ்சாம்பல் நிறத் தோல் ஒரு பட்டைபோலக் காலைச் சுற்றி மூடியிருந்தது. வெற்றுத் தாளில் தேதியை மட்டும் எழுதிப் பழைய தாள்களோடு கோத்து வைத்தேன்.

மொத்தம் 17 வாரங்கள், 56 கட்டுகள். எது பலித்தது, எங்கே தவறினேன் என்பதெல்லாம் நினைவிலிருந்து கலைவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நான் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஆட்டோ இருக்கைகளும் பைக் இருக்கைகளும் தைக்கும் கடை வைத்திருப்பவன். ஜூன் மாதம் வரை ஒரு குதிரையின் கழுத்தைக்கூடத் தொட்டதில்லை. மருந்துகளின் அளவை இங்கே எழுதவில்லை. அவை எடையையும் நிலைமையையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியவை.

பழைய மதராஸ் சாலையில் ஆவலஹள்ளியைத் தாண்டி என் தங்கை வீடு இருக்கிறது. ஜூன் கடைசி வாரத்தில் அங்கிருந்து மச்சான் அழைத்தார். எலெ மல்லப்ப செட்டி ஏரிப் பக்கமிருந்து ஒரு குதிரை மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்து, அவர்களுடைய காலி மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் நின்றுவிட்டது என்றார். நான் போய்ப் பார்த்தபோது அது தலையைத் தொங்கவிட்டு, இடது முன்னங்காலின் குளம்பு நுனியை மட்டும் தரையில் தொட்டுக்கொண்டு நின்றது. மட்டக்குதிரைப் பெட்டை, முதுகு உயரம் 128 செ.மீ.; விலா எலும்புகளை எட்டி நின்றே எண்ண முடிந்தது. மேய விடும்போது தூரம் போகாதிருக்க முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துப் போடும் தளையின் ஒரு பாதி அந்தக் காலிலேயே தங்கிவிட்டிருந்தது. கயிறு வெளியே தெரியவில்லை. கணுவுக்குக் கீழே, குளம்புக்கு மேலே, சதை அதன்மேல் வளர்ந்து மூடியிருந்தது. கிழிந்து தொங்கிய நீல நைலான் பிரி ஒன்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் புழுக்கள் நெளிந்தன.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். உரிமையாளர் என்று யாரும் வரவில்லை. வந்து பார்த்த மருத்துவர் அம்மா முதலில் புண்ணைத் தொடவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு கழுத்திலிருந்து இரத்தம் எடுத்தார். கால்களில் புண்ணோடு முன்பின் தெரியாத குதிரை வந்தால் கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்று உறுதியாக வேண்டும்; அது மனிதருக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் என்றார். மாதிரி ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் போனது. நோய் இல்லை என்ற முடிவு வர 9 நாட்கள் ஆயின. அதுவரை கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் யாரும் அருகே போகவில்லை. அதற்கென்று தனி வாளி, தனித் துடைப்பம் வைத்தோம். குதிரையை மீட்பவர்கள் இந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாததால், இரத்தம் எடுத்த மறுநாளே மருத்துவமனைக்குக் கொண்டுபோக டெம்போ ஒன்றில் ஏற்றினோம். ஏற்றுவதற்கே ஒன்றரை மணி நேரம் பிடித்தது. சிவாஜிநகரில் ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவரை மச்சான் தேடிப் பிடித்து அழைத்து வந்திருந்தார். அவர் வந்ததும் எங்கள் எல்லாரையும் பின்னால் நகரச் சொல்லிவிட்டு, குதிரையின் தோளோடு தோளாக ஒட்டி நின்று, அது பெருமூச்சு விடும்வரை காத்திருந்தார். பிறகு, "முன்னாடி நின்னு இழுக்காதே தம்பி, பக்கத்துல நின்னு நடந்து போ, அது கூடவே வரும்" என்றார். அது கூடவே போனது.

மந்தமாக்கும் ஊசியும், காலை மரத்துப்போகச் செய்யும் ஊசியும் போட்டு, நின்ற நிலையிலேயே அறுவை நடந்தது. முதலில் எக்ஸ்ரே, எலும்பில் பாதிப்பில்லை. தசைநாண் உறைக்குள் புண் ஓடியிருக்கிறதா என்று பார்க்க, புண்ணிலிருந்து விலகிய நல்ல தோல் வழியாக அந்த உறைக்குள் கிருமி நீக்கிய உப்புநீரைச் செலுத்தினார்கள். உள்ளே ஓட்டை இருந்தால் நீர் புண் வழியே கசியும். நாங்கள் எல்லாரும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கசியவில்லை. "இது கசிந்திருந்தால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன்" என்று மட்டும் மருத்துவர் சொன்னார். அதன்பின் மேலே மூடிய சதையைக் கீறிக் கயிற்றைத் துண்டு துண்டாக எடுத்தார். மொத்தம் 34 செ.மீ. நீளம், 8 மி.மீ. பருமன். ஆழமான இடத்தில் குழி 11 மி.மீ. செத்த சதையைச் சீவி எடுத்தபின் தையல் போட முடியாத அகலத்தில், காலின் சுற்றளவில் மூன்றில் இரண்டு பங்குக்குப் புண் திறந்தே இருந்தது. டெட்டனஸ் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, அன்று மாலையே திருப்பி அனுப்பினார்கள்.

கொட்டகையில்தான் என் வேலை தொடங்கியது. மாடுகள் நின்ற இடம். சிமெண்ட் தரை, நடுவில் சாய்வு. 12 அடிக்கு 12 அடியாகச் சவுக்குக் கம்புகளால் ஓர் அறை பிரித்தோம். மழை நாளில் சிமெண்ட் தரையில் குளம்பு வழுக்கும் என்பதால், பால் பண்ணைக்காரர்கள் விரிக்கும் 17 மி.மீ. ரப்பர் விரிப்பு ஆறு வாங்கினேன். ஒன்று ஆறரை அடிக்கு நான்கடி. விலை 2,100 ரூபாய். ஓரங்களை ரெக்ஸின் வெட்டும் கத்தியால் வெட்டிப் பொருத்தினேன். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டினால் ரப்பர் பிடித்துக்கொள்ளாது. அதன்மேல் வைக்கோலைப் பரப்பியது என் முதல் பிழை. இரண்டே இரவுகளில் படுக்கையைப் பாதிக்குமேல் தின்றுவிட்டது. அடுத்து மரத்தூள் போட்டேன். அது கட்டின் மேல்விளிம்பு வழியாக இறங்கிப் புண்ணில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் நிலைத்தது மரப் பட்டறையில் இழைப்பான் தள்ளும் சுருள்கள்தாம். மூட்டை 60 ரூபாய். பிளைவுட் வேலை செய்யாத பட்டறையாகப் பார்த்து வாங்க வேண்டும்; பசை கலந்த தூசி அதில் இருக்காது.

முதல் மூன்று கட்டுகளை மருத்துவரின் உதவியாளர் வந்து போட்டார். நான் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். அடுக்குகளின் வரிசை இது: புண்ணில் ஒட்டாத பாராஃபின் தடவிய வலைத்துணி, அதன்மேல் காஸ் துணி, அதைப் பிடித்து வைக்கச் சுருள் துணி, பிறகு பஞ்சு, பஞ்சின் மேல் கிரேப் பேண்டேஜ், மேல்விளிம்பில் ஒட்டுப்பட்டை. புண் குளம்புக்கு மிக அருகில் இருந்ததால் குளம்பையும் சேர்த்தே கட்ட வேண்டியிருந்தது. குளம்பின் அடியில் வெள்ளி நிற டக்ட் டேப்பை முன்பின்னாகவும் குறுக்காகவும் ஒட்டி, அதற்கு மேல் லாரி ட்யூபில் வெட்டிய ஓர் உறையை மாட்டினேன். சுற்றும் திசை எப்போதும் காலின் முன்புறத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகப் பின்னுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும்.

நான்காவது நாள் நானே கட்டினேன். ஐந்தாவது நாள் கட்டைத் திறந்தபோது, கட்டின் மேல்விளிம்புக்கு மேலே கால் வளையம்போல் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பஞ்சு விலையாகிறதே என்று 500 கிராம் சுருளை மூன்று கட்டுக்குப் பங்கிட்டிருந்தேன். மெல்லிய பஞ்சின் மேல் கிரேப்பை இழுத்துச் சுற்றியதால் இழுவை முழுவதும் ஒரே கோட்டில் காலை நெரித்திருக்கிறது. இதை நான் முன்பே அறிந்திருக்க வேண்டும். இருக்கை தைக்கும்போது நுரை மெலிந்த இடத்தில் ரெக்ஸினை இழுத்தால் அந்த இடத்தில் மட்டும் மடிப்பு விழுந்து நுரை நசுங்கும் என்பது 22 வருடமாக என் கைக்குத் தெரிந்த விஷயம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டுக்கும் அரைச் சுருளுக்குக் குறையாமல் பஞ்சு வைத்தேன். அமுக்குவதற்கு முன் 3 செ.மீ. தடிமன் இருக்க வேண்டும், கிரேப் சுற்றியபின் மேல்விளிம்பில் என் சுட்டுவிரல் ஒன்று சற்று இறுக்கமாக நுழைய வேண்டும். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் கட்டு சரிந்துவிடும். நோகாத வலது காலிலும் ஒரு தாங்கு கட்டுப் போட்டோம், ஏனென்றால் உடலின் பாரம் முழுவதையும் அதுதான் சுமந்துகொண்டிருந்தது.

புண்ணைக் கழுவுவதிலும் தவறினேன். போவிடோன் அயோடினைப் பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றினேன். கருத்த நிறத்தில் இருந்தால் வலு அதிகம் என்பது என் எண்ணம். நாலைந்து நாளில் புண்ணின் விளிம்பு வெளுத்து வறண்டது. வளர வந்த இளஞ்சதையையும் அந்த மருந்து சேர்த்தே கொல்கிறது என்று மருத்துவர் விளக்கினார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி., அதாவது பால் சேர்க்காத தேநீரில் பாதித் தண்ணீர் ஊற்றிய நிறம், அவ்வளவே போதும். இரண்டாவது வாரத்திலிருந்து வெறும் உப்புநீருக்கு மாறினோம். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் போடுவோம், கைப்பிடி அளவு உதவாது. 50 மி.லி. சிரிஞ்சில் 18 நம்பர் ஊசியை மாட்டிப் பீய்ச்சினால் அழுக்கைத் தள்ளும் அளவுக்கு வேகம் இருக்கும், சதையைக் கிழிக்கும் அளவுக்கு இருக்காது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசச் சொல்லிப் பலர் அன்போடு சொன்னார்கள். திறந்த ஆழப்புண்ணில் எதையும் குழைத்து அப்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். வேப்பெண்ணெய் கொட்டகைத் தூண்களுக்குப் போனது, ஈக்களுக்காக.

தீவனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் காலைவிட அதிகமாக நான் பயந்தது இதில்தான். பட்டினி கிடந்த குதிரைக்கு வயிறு நிறைய இரையைக் கொட்டினால் அதுவே உயிரை எடுக்கக்கூடும். திடீரென்று மாவுச்சத்து ஏறும்போது இரத்தத்தில் உள்ள தாது உப்புகள் சரிந்துவிடும் என்றார் மருத்துவர். அதனால் தானியமே வேண்டாம், காய்ந்த குதிரைமசால் மட்டும், அதுவும் சிறிது சிறிதாக என்றார். பெயரிலேயே குதிரை இருக்கிற அந்தத் தீவனத்தை, மாட்டுக்காரர்கள் லூசர்ன் என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். எடையைத் தையல்காரரின் நாடாவாலேயே கண்டுபிடித்தோம்: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவைச் செ.மீ.யில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையிலான நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். பொன்னிக்குச் சுற்றளவு 138, நீளம் 130. எடை 208 கிலோ. முதல் மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 225 கிராம். இரவு இரண்டு மணி வேளையைத் தங்கை ஏற்றுக்கொண்டாள். அலாரம் வைத்து எழுந்து, தராசில் நிறுத்து, ஒரு நாளும் தவறாமல் போட்டாள். பத்தாவது நாளுக்குள் ஒரு நாளைக்கு 3.5 கிலோ வரை மெல்ல ஏற்றினோம்.

பன்னிரண்டாவது நாள் நான் அவசரப்பட்டேன். குதிரை என்றால் கொள்ளு என்று நம் மனத்தில் பதிந்திருக்கிறதே. கண்ணில் கொஞ்சம் தெளிவு வந்துவிட்டது, இனி தேறட்டும் என்று, யாரையும் கேட்காமல் ஒன்றேகால் கிலோ கொள்ளை வேகவைத்து ஆறவைத்து வைத்தேன். நக்கித் தீர்த்துவிட்டுத் தொட்டியை மூக்கால் தள்ளியது. மறுநாள் காலை லத்தி கூழாகக் கிடந்தது. அதைவிடப் பெரிய பயம் வலது முன்னங்காலில் இருந்தது: கணுவின் பின்பக்க ஓரங்களில் விரல் வைத்தால் சாதாரணமாகத் தேடித்தான் பிடிக்க வேண்டிய நாடி, அன்று தேடாமலே விரலில் அடித்தது. குளம்பும் சூடாக இருந்தது. குளம்புக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கி, எலும்பைப் பிடித்திருக்கும் பிடி தளர்ந்துபோகும் நோய் ஒன்று உண்டு. ஒரு காலின் பாரத்தை மறுகால் சுமக்கும்போதும் வரும், மிதமிஞ்சிய தானியத்தாலும் வரும். நான் இரண்டையும் ஒரே காலில் சேர்த்துவிட்டிருந்தேன்.

மருத்துவர் வரும்வரை காலைப் பனிக்கட்டியில் வைக்கச் சொன்னார். வாளியில் கால் வைத்து அது நிற்கவில்லை. இரண்டு முறை கவிழ்த்தது. கடைக்கு ஓடிப்போய், லாரி இருக்கைக்கு வாங்கி வைத்திருந்த கெட்டி ரெக்ஸினில் 40 செ.மீ. உயரமும் அடியில் இரட்டை மடிப்புமாக ஒரு காலுறை தைத்தேன். தைக்க நாற்பது நிமிடம். முழங்காலுக்குக் கீழே வெல்க்ரோ பட்டையால் கட்டி, ஹொஸ்கோட்டே மீன் கடையிலிருந்து மச்சான் கொண்டுவந்த பனிக்கட்டியை உடைத்து நிரப்பினோம். இரண்டு இரவும் இரண்டு பகலும், உருக உருக நிரப்பினோம். ஐஸுக்கு மட்டும் 1,100 ரூபாய் ஆனது. மூன்றாம் நாள் காலை நாடி அடங்கியது. அந்தப் பையை இன்றும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். கொள்ளு அதற்குப் பிறகு எட்டாவது வாரம் வரை இல்லை. இப்போதும் ஒரு வேளைக்கு 150 கிராமைத் தாண்டுவதில்லை.

மருந்துப் பொடி கொடுப்பது வேறொரு போராட்டம். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று சொல்வார்கள்; மருந்தின் வாசனை வந்தாலே பற்களைக் கிட்டித்துக்கொண்டது. 60 மி.லி. சிரிஞ்சின் மூக்கைச் சீவி, ஓரத்தைத் தீயில் காட்டி மழுக்கி, பொடியை வெல்லத் தண்ணீரில் குழைத்து, பல் இல்லாத கடைவாய் இடைவெளி வழியாக நாக்கின் பின்பக்கம் விட்டோம். மருந்துக்கு முன்பு மூன்று நாள் வெறும் வெல்லத் தண்ணீரையே அந்தச் சிரிஞ்சில் கொடுத்துப் பழக்கியது ஜட்காப் பெரியவரின் யோசனை. நான்காம் நாள் சிரிஞ்சைக் கண்டதும் தானே உதட்டை நீட்டியது.

மூன்றாவது வாரம் கட்டைக் கடிக்கத் தொடங்கியது. புண் ஆறும்போது அரிக்கும் போலும். ஒரே இரவில் 600 ரூபாய்க் கட்டு நார் நாராகக் கிடந்தது. கழுத்தை முழுவதும் மடக்க முடியாதபடி ஒரு கழுத்துத் தட்டி செய்தேன். முக்கால் அங்குல பிவிசி குழாயில் ஒன்பது துண்டுகள். மேலே ஒரு நாடா, கீழே ஒரு நாடா. இரண்டு துண்டுகளுக்கு நடுவே 5 செ.மீ. குட்டிக் குழாய் ஒன்று, ஜபமாலையில் மணி கோப்பதைப் போல. தாடைக்கும் தோளுக்கும் நடுவிலான நீளத்தை அது தலை நிமிர்ந்து நிற்கையில் அளந்து 50 செ.மீ. என்று வெட்டியதால் தலை தாழ்த்தும்போது தோளில் இடித்து உராய்ந்தது. தீவனம் தின்னும் நிலையில் மறுபடி அளந்து 44 செ.மீ. ஆக்கினேன். குழாய் முனைகளில் சைக்கிள் ட்யூப் துண்டுகளை மாட்டினேன். கோப்பதற்கு நைலான் கயிறுதான் கையில் இருந்தது. அதை அந்தக் கழுத்தில் போட மனம் வரவில்லை. பருத்தி நாடா வாங்கித் தைத்தேன். செலவு 380 ரூபாய். அன்றிலிருந்து ஒரு கட்டும் கிழியவில்லை.

தாள்களின் கணக்கு இப்படி ஓடியது: முதல் வாரம் 41 சதுர செ.மீ., மூன்றாவது வாரம் 46. கூடியதைப் பார்த்து என் மகள் சோர்ந்துபோனாள். குதிரையின் காலில் புண் முதல் ஓரிரு வாரம் விரிந்த பிறகே சுருங்கத் தொடங்கும் என்று மருத்துவர் அவளுக்குச் சொன்னார். ஐந்தாவது வாரம் 38. ஆனால் அந்த வாரம் புண்ணின் நடுச்சதை சிவந்து, உளுந்து வடை போலத் தோலின் மட்டத்துக்கு மேலே 6 மி.மீ. உப்பி நின்றது. குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள புண்களில் இது அடிக்கடி வரும். சதை வேலியைத் தாண்டி வளர்ந்துவிட்டால், விளிம்பிலிருந்து ஊர்ந்து வரும் தோல் அதன்மேல் ஏற முடியாமல் அங்கேயே நின்றுவிடும்.

அந்தச் சதையை வெட்டிய நாளை நான் மறக்க மாட்டேன். மரத்துப்போகும் ஊசி எதுவும் போடவில்லை. அந்த மிகைச்சதையில் நரம்பு கிடையாது, இரத்தக் குழாய் மட்டுமே உண்டு என்று சொல்லியிருந்தும், கத்தி இறங்கும்போது நான் கண்களை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது பொன்னி குதிரைமசாலை மென்றுகொண்டிருந்தது. தாடை ஒரே சீராக அசைந்தது, காதுகள் பக்கவாட்டில் தளர்ந்து கிடந்தன. கீழே இரத்தம் குளம்பின் மேல் வழிந்து ரப்பர் விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியது. மருத்துவர் கீழிருந்து மேலாக, இரத்தம் பார்வையை மறைக்காதபடி, தோல் மட்டத்துக்குச் சீவிக்கொண்டே வந்து, விளிம்பிலிருந்த வெளிறிய புதுத்தோலை ஓர் இழைகூடத் தொடாமல் விட்டார். உடனே இறுக்கமான கட்டு. இரண்டு வாரம் கழித்து 29, ஒன்பதாவது வாரம் 19, பன்னிரண்டில் 8, பதினைந்தில் ஒன்றரை. இந்தக் கட்டங்களில் கட்டு ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று குறைந்தது. தளர்வான கட்டு ஒரு பக்கமாகச் சரிந்துபோன பதினொன்றாவது வாரத்தில் மட்டும் சதை மீண்டும் கொஞ்சம் எழுந்தது. மருத்துவர் சொன்ன களிம்பைச் சில நாள் தடவி, கட்டைச் சரியாக இறுக்கியதும் அடங்கியது.

நடை பயிற்சி ஐந்தாவது வாரக் கடைசியில் தொடங்கியது. கொட்டகைக்குப் பின்னால் உள்ள மண் பாதையில், சமதளத்தில், காலையும் மாலையும் ஐந்து ஐந்து நிமிடம். பிறகு நேரத்தை மெல்ல மெல்லக் கூட்டினோம். ஒவ்வொரு நடைக்கு முன்பும் உடல் சூடு, நாடி, மூச்சு மூன்றையும் மகள் குறித்துக்கொண்டாள், 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு, 8 முதல் 16 மூச்சு என்பவை எல்லைகள். நாடி 48 காட்டிய இரண்டு நாட்கள் நடத்தாமல் நிறுத்திக்கொண்டோம்.

செலவைப் பைசா விடாமல் எழுதியிருந்தேன். அறுவையும் எக்ஸ்ரேயும் 16,800, டெம்போ 4,500, கொட்டகை வேலை விரிப்போடு சேர்த்து 15,750, கட்டுப் பொருள்கள் 21,840, தீவனம் 15,470, லாடம் அடிப்பவர் நான்கு முறை வந்து குளம்பு சீவியதற்கு 3,200, மருத்துவர் வீட்டுக்கு வந்த ஒன்பது முறைக்கு 6,300, மருந்தும் ஐஸும் இதர சில்லறையும் 5,640. மொத்தம் 89,500 ரூபாய். பாதிக்கு மேல் கடைக்கு வருபவர்களும் தெருக்காரர்களும் கொடுத்தது. எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் முன்கூட்டியே திரட்டியிருப்போம். நடுவில் ஒரு வாரம் பஞ்சுக்குக் கடன் சொல்ல வேண்டியிருந்தது.

மறுபடி இப்படியொரு குதிரை வந்து நின்றால் பஞ்சையும் கிரேப்பையும் சிவாஜிநகர் மொத்தக் கடையில் முதல் வாரமே பெட்டியாக வாங்கிவிடுவேன். சில்லறையில் வாங்கியதால் ஒரு கட்டுக்கு எழுபது எண்பது ரூபாய் வீணாயிற்று. கழுத்துத் தட்டியை அறுவைக்கு முந்தைய நாளே செய்து வைப்பேன். ஐஸ் பை தயாராக ஆணியில் இருக்கிறது. வாரம் ஒருமுறை தாளில் வரைந்ததோடு, ஒரே இடத்தில் ஒரே தூரத்தில் நின்று புகைப்படமும் எடுத்திருந்தால், சதை உப்பியதை ஐந்தாவது வாரத்துக்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம். தாள் பரப்பைக் காட்டுமே தவிர உயரத்தைக் காட்டாது.

இன்று நெஞ்சின் சுற்றளவு 149 செ.மீ.; எடை 243 கிலோ. மண் பாதையில் இருபத்தைந்து நிமிடம் நொண்டாமல் நடக்கிறது. தீபாவளி வெடிச்சத்தத்தைப் பற்றித் தங்கை இப்போதே கவலைப்படுகிறாள்; கொட்டகையின் சாலைப் பக்கத்தை மூடப் பழைய இருக்கை நுரைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று லாடம் அடிப்பவர் வந்து இடது குளம்பைத் தூக்கிப் பார்த்தபோது, குளம்புச் சுவரில் கிடைமட்டமாக ஓடும் ஒரு வரப்பைக் காட்டினார். பட்டினியும் காய்ச்சலுமாக இருந்த நாட்களில் குளம்பு வளர்ச்சி தடைபட்ட அடையாளமாம் அது. குளம்பின் மேல்விளிம்பிலிருந்து அளந்தேன்: 29 மி.மீ. கீழே இறங்கியிருக்கிறது. அதற்கு மேலே வளர்ந்திருப்பது வழவழப்பான புதுக் குளம்பு. வரப்பு தரையைத் தொட இன்னும் 48 மி.மீ. இருக்கிறது; ஏழு மாதத்தில் சீவிப் போய்விடும் என்றார். நோட்டில் ஒரு புதிய பக்கம் எடுத்து, தேதி போட்டு, 29 என்று எழுதினேன்.